காயக் கூடாத கேரட்

எங்கள் ஊரில் வெயிலில் போட்ட பொருள் காயவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சாமியே நெருப்பாக நின்ற திருவண்ணாமலை. அதிலும் வைகாசி. அதிலும் வேங்கிக்காலில், நிழலுக்கென்று ஒரு மரம்கூட இன்னும் வளராத புது வீட்டு மொட்டை மாடி. ஒரு துணியைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை உதறுவதற்குள் முதல் துணி மொடமொடவென்று நிற்கும். அப்பேர்ப்பட்ட மாடியில் ஐந்து கிலோ கேரட் நான்கு நாளாகியும் காயவில்லை. காரணம் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயசு.

அம்மாவின் தம்பி, என் மாமா, ராணுவத்தில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ள இரண்டு மாத லீவில் வந்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் பெண் எடுத்தார்கள். மாமாவுக்கு அக்கா வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது, அதனால் புது அத்தையும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரே கொண்டாட்டம். மாமா எனக்கு மாடியில் லெஃப்ட் ரைட் போடக் கற்றுக்கொடுத்தார், பைக்கில் முன்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றினார். இப்படி இருக்கும்போதே லீவில் பத்து நாள்தான் பாக்கி என்றார்கள்.

ஒரு மத்தியானம் சாம்பாரில் கிடந்த கேரட்டைக் கையில் எடுத்துப் பார்த்து மாமா சொன்னார்: “எங்க கேம்ப்ல பனி விழ ஆரம்பிச்சா ரோடு மூடிடும்க்கா. ஆறு மாசம் டின்னுல அடைச்சதுதான். இத கண்ணாலகூட பாக்க முடியாது.”

அம்மா வாழ்நாளில் கேரட்டைக் காயவைத்தவள் இல்லை. அதற்காகத் தயங்குகிறவளும் இல்லை. “கத்திரிக்கா வத்தல் போட்டவளுக்குக் கேரட் வத்தல் வராதா? காய் வேறன்னா வெயிலும் வேறயா?” என்றாள். மறுநாளே ஐந்து கிலோ வந்து இறங்கியது. வீடே தோல் சீவியது. அத்தை காசு காசாக மெல்லிசாக நறுக்கினார். உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் கேரட்டைப் போட்டு, நான் நூறு எண்ணி முடித்ததும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். நான் தொண்ணூறுக்கு மேல் கத்தியே எண்ணினேன். பிறகு வடித்து, அப்பாவின் பழைய வேட்டியை மாடியில் விரித்துப் பரப்பி, மேலே கொசுவலை போட்டார்கள். குரங்கை விரட்ட என் கையில் ஒரு குச்சி. குரங்குக்குக் காவல் நான். எனக்குக் காவல் யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் மாமாவிடம் கேட்டேன், “எப்போ மாமா கிளம்புவீங்க?”

“உங்கம்மா கேரட் காஞ்சதும்தான் பாப்பா. அது காயாம நான் எப்படிப் போறது?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு சுலபமான வழி இருக்கிறதா என்று அப்போதே மாடிப்படியைப் பார்த்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில் குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு வந்து கொசுவலைமேல் தெளித்தேன். அடுத்த நாள் தைரியம் கூடி ஒரு சொம்பாகவே ஊற்றினேன். சாயங்காலம் அப்பா ஒரு துண்டை ஒடித்துப் பார்ப்பார். அது ரப்பர் மாதிரி வளையும். “ஊட்டியில பொறந்தது இல்ல, நம்ம வெயிலுக்கெல்லாம் மசியுமா? ரோஷக்காரக் கேரட்டுடி இது!” என்பார். எனக்கு உள்ளுக்குள் குதியாக இருக்கும்.

நான்காம் நாள் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு தானே மாடியில் உட்கார்ந்தாள். சாப்பிட மட்டும்தான் இறங்கினாள். என்னையும் கூடவே இழுத்துவந்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். என்னால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொண்டுபோக முடியவில்லை. ஆனாலும் சாயங்காலம் கேரட் ஈரமாகவே இருந்தது! மலையில் இருக்கிற சாமிதான் என் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று முடிவுசெய்து அந்தத் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் சொம்போடு படியேறினேன். கொடிப்பக்கம் அத்தை. மாமாவின் துவைத்த துண்டைக் கையில் வைத்திருந்தார். அதைக் கொடியில் போடவில்லை. கொசுவலைக்கு நேர்மேலே பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லிடாத.”

நான் முதுகுக்குப் பின்னால் இருந்த சொம்பை முன்னால் நீட்டினேன். “நானும் ஊத்தத்தான் வந்தேன், அத்தே.”

அத்தை சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குக் கேட்கவேண்டுமா? கூட்டுக் களவாணி கிடைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அன்று இரண்டு சொம்பு.

விளைவு, ஆறாம் நாள் கேரட் புளித்து நாறியது. அம்மா அள்ளிக் கொட்டினாள். “நெருப்பு ஊர்ல கேரட் அழுகுதுன்னா இது வெயிலோட தப்பு இல்ல. வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கு,” என்று பொதுவாகச் சொன்னாள். நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

அம்மா விடவில்லை. திரும்ப மூன்று கிலோ வாங்கினாள். நாங்களும் விடவில்லை. ஆனால் இந்த முறை சொம்பு கிடையாது, விரலால் தெளிப்பு மட்டும். ஒருவர் தெளித்தால் மற்றவர் படியில் காவல்.

லீவின் கடைசி நாள் வந்தது. காலையில் எழுந்ததும் மாடிக்கு ஓடினேன். ஒன்றை எடுத்து மடக்கினேன். வளைந்தது! ஜெயித்துவிட்டோம்! படியில் இரண்டிரண்டாகத் தாவிக் கீழே வந்தேன்.

“மாமா! இன்னும் காயல மாமா! பாருங்க, வளையுது!”

மாமா பச்சை இரும்புப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கேரட்டை வாங்கி வாயில் போட்டு மென்றார். “சூப்பரா இருக்கு பாப்பா,” என்றார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அத்தையிடம் சொல்லலாம் என்று சமையல்கட்டுக்கு ஓடினேன். அங்கே அத்தை அடுப்பைச் சின்னதாக வைத்து, மாடியிலிருந்து முன்பே அள்ளிவந்த பாதிக் கேரட்டை இரும்புச் சட்டியில் போட்டு வறட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கலகலவென்று காய்ந்தது ஒரு தட்டு நிறைய. அடியில் பிடிக்காமல் இருக்க, கரண்டியை விட்டுவிட்டு விரலாலேயே ஒவ்வொன்றாகத் திருப்பினார். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

“அத்தே! இன்னா பண்றீங்க? காஞ்சிடப் போகுது!”

“ஈரமா கட்டிக்கொடுத்தா அங்க போறதுக்குள்ள பூசணம் புடிச்சிடும்டா,” என்றார், திரும்பாமலே.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் கூட இருந்துவிட்டு, கடைசி நாளில் கட்சி மாறினால்? ஒரு பிஸ்கட் டின் நிறைய அத்தையே அழுத்தி மூடி மாமா கையில் கொடுத்ததை, அறைக் கதவுக்குப் பின்னால் நின்று முறைத்துக்கொண்டே பார்த்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் போனோம். பஸ் நகர்ந்ததும் அத்தை கீழே துழாவி என் கையைப் பிடிக்கப் பார்த்தார். விரல் நுனிகளில் சுட்ட கொப்புளம். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். துரோகிக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது என் நியாயம். அத்தையின் கை அங்கேயே கொஞ்ச நேரம் காத்திருந்தது.