டெப்பா, மின்வாசிப்பானா: உச்சமுனையில் ஒரு பகல்

காலை ஆறே முக்காலுக்குப் புத்தளத்தில் கற்பிட்டி பஸ் ஏறினேன். பையில் இரண்டு சாமான்கள். ஒன்று டெப் என்கிற டேப்லட். மற்றது புத்தகம் வாசிக்க மட்டுமே உதவும் மின்வாசிப்பான். உச்சமுனைத் தீவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கச்சி ரிஸ்னாவுக்கு இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பாலாவிச் சந்தி தாண்டுமுன்பே முடிவெடுத்துவிட்டேன், டெப்தான். பாடமும் கேட்கலாம், படமும் பார்க்கலாம், கதைக்கவும் செய்யலாம். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.

ரிஸ்னா வீட்டிலிருந்தபடியே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். போன முறை ஒரு பாடம் தவறிவிட்டது. இந்த முறையும் தவறினால் பதிவு காலாவதியாகிவிடும். அத்தனை வருடப் படிப்பும் வீண்.

நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் ஊர் அது. இதே கரையோரத்தில் என் தங்கச்சி வீட்டுக்கு ஒரு சோலர் தகடும் ஒரு பற்றரியும்தான்.

ஒன்பது மணிக்குக் கற்பிட்டித் துறையில் படகு கிடைத்தது. கடலேரியான களப்பின் நடுவில் வெயில் ஏறியது. டெப்பைத் திறந்தேன், என் மூஞ்சிதான் தெரிந்தது. மின்வாசிப்பானில் எழுத்து கடதாசியில் அச்சடித்ததுபோல் நின்றது.

"அதுவும் போன் ஒண்டா சேர்?" என்று படகோட்டி கேட்டார்.

"இல்ல, வாசிக்க மட்டும்."

"அப்ப தண்ணில விழுந்தாலும் பெரிய நட்டமில்ல."

அதன் விலையை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

வீட்டில் ரிஸ்னாவின் கணவர் நவ்பர் மச்சான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பகல் சாப்பாடு முடிந்ததும் இரண்டையும் பாயில் வைத்தேன். டெப்பை முதலில் எடுத்தவர் அவர்.

"கடல் மேப் போடேலுமா மச்சான்?"

"ஓம்."

"காத்துப் பாக்க?"

"அதுவும் ஏலும்."

பெருமையோடு எல்லாவற்றையும் காட்டினேன். பிறகு மின்வாசிப்பானைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல கோல் எடுத்துக் கதைக்க?"

"இல்ல."

"மேப்?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு இது?" என்று கீழே வைத்தார். ரிஸ்னா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இதுதான், நானா" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. பாடக் குறிப்பெல்லாம் ஸ்கேன் பண்ணியவை, இந்தச் சின்னத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும் என்றேன். அவள் திரையைப் படுக்கைவாக்கில் திருப்பிக் காட்டினாள். எழுத்து பெரிதாகி அரைப்பக்கம் தெரிந்தது.

"அரை அரையா வாசிப்பன். போன முறை இவர்ட போன் கடல்ல விழுந்திட்டு. என்ட போனக் கொண்டு போனார். நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ள. பின்னேரம் கைக்கு வரக்குள்ள சார்ஜ் இருக்காது. தொழிலுக்குப் போற சாமான வேணாம் எண்டு எப்பிடிச் சொல்றது? டெப்ப வச்சிட்டுப் போனா நாளைக்கே அதுவும் கடலுக்குப் போயிரும். இத ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

இந்தக் கரையில் மேப் காட்டும் எதுவும் படகுக்குச் சொந்தம். அது எனக்குத் தெரியாத விஷயமல்ல, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நவ்பர் வலையைப் பார்த்தபடியே, "அவ சொல்றது சரிதான் மச்சான்" என்றார்.

மூன்றரைக்குப் படகு. டெப் என் பையிலேயே திரும்பியது. கரைவரை வந்து வழியனுப்பாமல் ரிஸ்னா என்னை ஒருநாளும் விட்டதில்லை. இன்று நவ்பர் மட்டும் கருவாட்டுப் பொதியோடு வந்தார்.

"அவ எங்க?"

"வாசிக்கிறா. கூப்பிட்டன். ஸலாம் சொல்லுங்க, எழும்ப நேரமில்ல எண்டுட்டா."

அவள் வராதது இவ்வளவு சந்தோஷம் தரும் என்று நான் நினைத்ததே இல்லை.