பேஸ்மென்ற் நாட்டின் தேசியகீதம்

ஊரில் சண்டை என்று வெளிநாட்டுக்கு வந்து, மல்வேர்னில் நாங்களும் பெரியம்மா குடும்பமும் ஒரே வீட்டில் இருந்த காலம். பனி கொட்டிப் பள்ளிக்கூடம் பூட்டிய ஒரு நாளில், வீட்டுக்குக் கீழிருந்த பேஸ்மென்றில் நான் ஒரு நாட்டை நிறுவினேன். எனக்குப் பத்து வயது. மூத்தவள் என்பதால் நானே ஜனாதிபதி. குடிமக்கள் மூன்று பேர்: தம்பியும் பெரியம்மாவின் இரண்டு மகள்மாரும்.

கலர் பென்சிலால் கொடி கீறியாயிற்று. தேசியகீதம் வேண்டுமே என்று பாட்டுப் போட்டி வைத்தேன். நடுவர் நான், போட்டியாளர்களில் ஒருத்தியும் நான். என் பாட்டு ஜனாதிபதியின் அருங்குணங்களை மூன்று சரணங்களில் விளக்கியது. பெரியம்மாவின் மூத்த மகள் இரண்டே வரிதான் பாடினாள்: “பனியே பனியே பெய், பள்ளிக்கூடத்தைப் பூட்டச் செய்!” தம்பி எழும்பி நின்று ஆடினான். நான் தீர ஆலோசித்து, முதற்பரிசை எனக்கே கொடுத்தேன்.

“உது கள்ள நாடு!” என்று கத்திய அவள், தங்கையையும் இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தலையணைகள் பறந்தன. கொடி கிழிந்தது. ஐந்து வயதுச் சின்னவள் விளக்குமாற்றைத் துவக்குப்போலப் பிடித்தபடி படியில் காவலுக்கு நின்றாள். பாஸ் இல்லாமல் ஒருவரும் மேலே போக முடியாது. கழிப்பறையோ மேலே இருந்தது.

முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தோம். பிறகு தம்பி கால்களைப் பின்னிக்கொண்டு அழத் தொடங்கினான்.

“அக்கா, அவளின்ரை பாட்டுத்தான் நல்லம். ஒத்துக்கொள்ளுங்கோ, கெதியா!”

ஒத்துக்கொண்டேன். தம்பி மேலே பாய்ந்தான். புதிய தேசியகீதம் முழங்கியது. சமாதானம் வந்த செய்தியைச் சின்னவளுக்குச் சொல்லத்தான் எல்லோரும் மறந்துபோனோம்.

வேலையால் வந்த அப்பா, சத்தம் கேட்டுப் படியிறங்கினார். சின்னவள் விளக்குமாற்றை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

“நில்லுங்கோ! பாஸ் எடுங்கோ!”

அப்பா அப்படியே நின்றார். கண்மூடித் திறப்பதற்குள் அவருடைய கை சட்டைப்பைக்குள் போய், வேலையிடத்து அடையாள அட்டையோடு வெளியே வந்தது. தலையைக் குனிந்து, அதை இரண்டு கைகளாலும் நீட்டினார். சின்னவள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஓம், போகலாம்” என்றாள். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். எங்களுக்குப் பிறகு அப்பாவும் சிரித்தார்.

என் தோல்வியையே மறந்து குசினிக்கு ஓடினேன். “அம்மா, அப்பா எவ்வளவு நல்லா நடிக்கிறார் தெரியுமோ? உண்மையாப் பயந்த மாதிரியே நிண்டவர்!”

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். “ஓம்,” என்றார். “ஊரிலை சந்திக்குச் சந்தி இப்பிடி நிண்டு நல்லாப் பழகினவர்.”

அப்பா ஊரில் பெரிய நாடக நடிகர் என்று கனகாலம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.