டச்சு பேசும் வீட்டுக்கு மூன்று மைல்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு என் மகள் வரவேற்பறை வாசலில் வந்து நின்று, "அப்பா, நேரமாகிவிட்டது" என்றாள். டச்சில் சொன்னாள். நான் சோபாவில் சாய்ந்தபடியே, "இதோ கண்ணு, அஞ்சு நிமிஷம்" என்று தமிழில் சொன்னேன். மாதங்கள் ஓடிவிட்டன. இப்போதும் அந்த ஐந்து நிமிஷம் என்னை விடவில்லை.

எதிரே என் கல்லூரி நண்பனும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஹில்கிராஃப்ட் பக்கத்து இந்தியக் கடைகளில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், சொல்லாமல் வந்து மணியடித்திருந்தார்கள். ஹூஸ்டனுக்குக் குடிவந்த எட்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் தானாக வந்ததில்லை. என் மனைவி சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள். அவள் முணுமுணுத்துக் கேட்டே நாளாகியிருந்தது.

அதற்கு முன் ஒன்பது வருடம் நெதர்லாந்தில், டெல்ஃப்டில் இருந்தோம். மகள் கைக்குழந்தையாக அங்கே போனவள். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். எங்கள் வீட்டில் டச்சில் வரும். அங்கே வாய் ஓயாத பெண். என் கம்பெனி என்னை டெக்ஸஸுக்கு மாற்றியபோது, "பிள்ளைகள் ஒரு மாசத்துல பிடிச்சுக்குவாங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

ஆங்கிலம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்ல அவள் வார்த்தை தேடி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பேச்சுக்குப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதையே விட்டுவிட்டாள். மதிய உணவு நேரத்தில் தனியாக நூலகத்தில் உட்கார்ந்திருப்பதாக ஆசிரியை போன் செய்தார். ஒரு நாள் அவளுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போனேன். உள்ளே இரண்டு குரல் கேட்டது. ஒருத்தி டச்சில் கேள்வி கேட்டாள், இன்னொருத்தி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். இரண்டும் அவள்தான். துண்டைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு, சத்தமில்லாமல் வந்துவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து டச்சு பேசுகிறவர்களைத் தேட ஆரம்பித்தேன். சூப்பர் மார்க்கெட்டில் உயரமான பொன்னிறத் தலை ஏதாவது தென்பட்டால் வண்டியை அந்தப் பக்கம் திருப்பி, பிஸ்கட் வாங்குகிறவன்போல் நின்று ஒட்டுக்கேட்பேன். ஒருவர் ஜெர்மன்காரர். இன்னொருவர் பரம்பரை டெக்ஸஸ்காரர். நான் எந்தச் சர்ச்சுக்குப் போகிறேன் என்று அன்போடு விசாரித்தார். கடைசியில் இணையத்தில் ஒரு குழு கிடைத்தது. ஒரு பூங்காவில் மாதம் ஒருமுறை கூடி டச்சுக்காரர்கள் காப்பி குடிப்பார்களாம். போனேன். நான் டச்சில் பேசினேன், அவர்கள் மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். நெதர்லாந்திலும் வழக்கம் அப்படித்தான். அந்நிய உச்சரிப்பைக் கேட்டால் நமக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ஆனாலும் அந்த மரத்தடியில் நான் விடாமல் டச்சிலேயே பேசினேன்.

அந்தக் கூட்டத்தில், க்ரோனிங்கன் என்ற டச்சு ஊரைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு என் மகள் வயதில் ஒரு பெண் இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைலில் வீடு. "இன்றைக்கே அழைத்து வரட்டுமா?" என்று கேட்கப் பார்த்தேன். அவர் அதற்குள் போனை எடுத்துத் தேதி பார்த்தார். மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, மூன்று மணி. அஃப்ஸ்ப்ராக் என்பார்கள், முன்கூட்டிப் பேசி வைக்கும் நேரத்தை. அவர்களைப் பொறுத்தவரை அது கொடுத்த வாக்கு மாதிரி. அந்த மூன்று வாரமும் மகள் வரைபடத்தில் அந்த வீட்டுக்கு வழி பார்த்தாள், என்னைத் துளைத்தாள். அவளிடம் நாய் இருக்கிறதா, மரம் ஏறுவாளா, சிரிப்பாளா? எனக்கு எதுவும் தெரியாது. கேள்வி கேட்கிறாளே என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

"எங்கடா கெளம்பறீங்க?" என்றான் நண்பன். சொன்னேன்.

"மூணு வாரம் முன்னாடியே புக் பண்ணிட்டு ஒருத்தர் வீட்டுக்குப் போறியா? அவங்க என்ன, டென்டிஸ்டா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவன் மனைவி. "பாப்பா, ஆன்ட்டியும் கூட வரட்டா?"

மகள் என்னைத்தான் பார்த்தாள். சமையலறையிலிருந்து என் மனைவி, "பஜ்ஜி சாப்ட்டுட்டுக் கெளம்பலாம். மூணுன்னா மூணரைக்குப் போறோம், அவங்க வீட்லதான இருப்பாங்க" என்றாள். டெல்ஃப்டில் யார் வீட்டுக்காவது சீக்கிரம் போய்விட்டால், மழையில் தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து சரியான நேரத்துக்கு மணியடித்தவள் அவள். வீடு தேடி வந்தவர்களை எழுந்து போகச் சொல்ல எங்கள் இருவருக்குமே அன்று மனம் வரவில்லை.

மகள் திரும்பிப் போனாள். மாடிக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டபோது பதில் இல்லை. அறையில் இல்லை. கராஜின் பக்கக் கதவு திறந்திருந்தது. சைக்கிள் இல்லை.

டெல்ஃப்டில் பத்து வயதுப் பிள்ளை தனியாகச் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பள்ளியிலேயே அதற்குப் பரீட்சை வைத்து, மூலைக்கு மூலை ஆசிரியர்கள் நின்று பார்ப்பார்கள். இங்கே அந்த வீட்டுக்குப் போவதென்றால் ஆறு வழிச் சாலை, பிறகு ஃப்ரீவேயை ஒட்டி ஓடும் சாலை. அதில் நான் ஒரு சைக்கிளைக்கூடக் கண்டதில்லை.

காரை எடுத்துக்கொண்டு விரைந்தேன். என் போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. ஓரத்தைப் பார்த்தபடியே ஓட்டினேன். பின்னால் பிக்கப் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஃப்ரீவே பாலத்துக்கடியில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. காரை நிறுத்தி இறங்கி ஓடினேன். கிழிந்த லாரி டயர். அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு காரில் ஏறினேன்.

அந்தப் பெண்மணியின் வீட்டில் மணியடித்தேன், கதவைத் தட்டினேன், பிறகு குத்தினேன். யாரும் வரவில்லை. கராஜ் மூடியிருந்தது. தெரு நெடுக ஓர் ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு ஏசி இரைச்சல் மட்டும். மகளின் பெயரைச் சொல்லி உரக்கக் கத்தினேன். எங்கோ ஒரு நாய் குரைத்து நின்றது. இந்த ஊரில் யாரிடம் போய் என்னவென்று கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த வழியே திரும்பினேன். மனைவி வெறுங்காலோடு வாசலில் நின்றாள். நண்பன் வேறு திசையில் தேடிப் போயிருந்தான். போலீஸிடம் பேசிக்கொண்டிருந்த அவன் மனைவி, போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன கலர் டிரெஸ்னு கேக்கறாங்கண்ணா."

எனக்குத் தெரியவில்லை. என் எதிரே வந்து நின்றவளை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வீடுகளுக்குப் பின்னால், வடிகால் ஓடைக் கரையிலிருந்து ஏறிவரும் நடைபாதையில் மூன்று சைக்கிள்கள் வந்தன. முன்னால் அந்தப் பெண்மணி, வெயிலில் முகமெல்லாம் சிவந்து. பின்னால் இரண்டு பெண்கள், பக்கம் பக்கமாக. என் மகள் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து எதையோ காற்றில் வரைந்து காட்டிக்கொண்டு வந்தாள். பேசிக்கொண்டு வந்தாள். மற்றவள் சிரிப்பில் சைக்கிளோடு ஆடினாள்.

"வந்துட்டா, வந்துட்டா" என்று நண்பனின் மனைவி போனில் தமிழிலேயே சொன்னாள்.

என் மனைவி மகளைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "அம்மா, வலிக்கிறது" என்றாள் மகள், டச்சில்.

அந்தப் பெண்மணி சைக்கிளைவிட்டு இறங்கினார். "உங்களுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன்" என்றார். "மூன்று மணிக்கு மணியடித்தாள். வீட்டில் விருந்தாளிகள், அதனால் நான் மட்டும் வந்தேன் என்றாள். ஓடையோரமாகத்தான் வந்திருக்கிறாள், பெரிய சாலையைச் சிக்னலில் கடந்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் இங்கே தனியாக அனுப்பக் கூடாது. பயந்திருப்பீர்கள் என்றுதான் உடனே திரும்பினோம்."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்படி கெஞ்சினாள். அவர் வாசலில் நின்ற விருந்தாளியைப் பார்த்து, வந்தவர்கள் இருக்கும்போது வேண்டாம் என்று தலையாட்டி மறுத்தார். இரண்டு பெண்களும் எங்களை மறந்துவிட்டுப் புல்தரையில் எதற்கோ குனிந்திருந்தார்கள். அவர்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

"அடுத்த சனிக்கிழமை, மூன்று மணி" என்றார் என்னிடம். "பாதி வழியில் இருக்கும் ஓடைப் பாலம் வரை அவளைச் சைக்கிளோடு கொண்டுவந்து விடுங்கள், அங்கே நான் நிற்பேன். அதற்குமேல் நீங்கள் வர வேண்டியதில்லை."