அகழிக்குள் இருக்கும் அக்கா

அடுத்த மாதம் ரங்கூனில், எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் என் மகளுக்குக் கல்யாணம். அக்காவை நேரில் அழைக்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். அவள் இருக்கும் பழைய அகழிப் பண்ணையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு லைன்கார் பஸ் பிடித்து, மிங்கலாடோனில் வேறு பஸ் மாறினால் வடக்கே ஒரு மணி நேரம். இறங்கி, வரப்பில் கால் மைல் நடக்க வேண்டும். முதலில் ஆள் உயர மண்கரை தெரியும். அதை ஒட்டித் தாமரை படர்ந்த அகழி, தாண்ட ஒரு மரப்பாலம். மன்னர் காலத்துப் பண்ணையைச் சுற்றி வெட்டியதாம். எந்த மன்னர் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். உள்ளே இப்போது அக்காவின் வயலும் தகரக்கூரை வீடும் இருக்கின்றன.

தன் மகன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனபோது, அவன் திரும்பும்வரை அகழியைத் தாண்டுவதில்லை என்று காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள் அக்கா. அவனால் இப்போதைக்கு ஊர் திரும்ப முடியாது. நாலே நாள் வந்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன்.

"அவன் அங்க நல்லா இருக்கான் தங்கச்சி. அதக் கெடுக்கச் சொல்றியா?" என்றாள்.

கோபத்தில் தனியாகக் கரைமேல் ஏறிச் சுற்றினேன். நான் பஸ்ஸை விட்டு இறங்கிய ரோட்டுக்கும் அப்பால், வயலின் ஒரு பட்டை மட்டும் தாழ்ந்து, கரும்பச்சையாக வளைந்து போனது. போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குக் கரைந்த கரை, பக்கத்தில் பள்ளம். தூர்ந்துபோன வெளி அகழி! பஸ் நிற்கும் இடம் அதற்கு உள்ளேதான் இருக்கிறது.

அக்காவைக் கரைமேல் நிறுத்திக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அதுவும் அகழிதானே. காளியம்மா ஒத்துக்குவா," என்றாள்.

நல்ல கைலி கட்டி, முகத்தில் தனாக்கா மரச்சாந்து பூசிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி மரப்பாலத்தைத் தாண்டினாள். ரோட்டோரக் கடையில் மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைச்சல் என்று கடைக்காரியிடம் சண்டை வேறு. பஸ் வந்தது. அது வெளி அகழியைத் தாண்டிப் போகும், அவள் ஏறமாட்டாள். அவளையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. ஜன்னல் வழியே அவள் சின்னதாகிக்கொண்டே போனபோது அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: கரை வழுக்கும், பிடிப்பான செருப்பு வேண்டும். திரும்ப மூன்று மணிக்குக் கடைசி பஸ். வெளிக்கரைமேல் பைக் ஏற்றாதீர்கள். அதற்கும் அப்பால், ரங்கூன் பக்கமாக இன்னொரு அகழி தட்டுப்பட்டால் உடனே எனக்கு எழுதுங்கள். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.