வலி மாத்திரையா, வலிப்பு மாத்திரையா

திங்கட்கிழமை காலை திண்டிவனம் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கூட்டேரிப்பட்டில் விழுப்புரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆரோக்கியமேரி சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார். பதினோரு வருடம் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். வெளியே கூட்டம். எழுந்து போகவும் முடியவில்லை, ஒழுங்காக எழுதவும் முடியவில்லை. ஒரே நோயாளியின் மருந்துச் சீட்டை இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பொறுமை நினைவுக்கு வரும். எனக்கு, நான் அவரைத் திட்டிய நாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டும் அஞ்சலைக்குச் சர்க்கரை நோயால் பாதமெல்லாம் எரிச்சல். நான் கொடுத்த மாத்திரையால் மூன்று வாரமாகியும் குறையவில்லை என்றார். அளவை இரண்டு மடங்காக்கினேன். அவர் பையில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்ததைச் சிஸ்டர் பார்த்திருக்கிறார்.

"சார், அந்தம்மா மாத்திரையே போடல. கொஞ்சம் கேளுங்க."

டாக்டர் நீங்களா நானா என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தேன். அவர் முகம் வாடியது, ஆனாலும் நகரவில்லை. அஞ்சலையிடம் அவரே கேட்டார்.

"மெடிக்கல்ல இது வலிப்பு மாத்திரைன்னுட்டாங்க சிஸ்டர். பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம். ஊர்ல தெரிஞ்சா யாரு வருவாங்க?"

வலிப்புக்குத் தரும் மருந்தே நரம்பு வலியையும் தணிக்கும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. புது அளவை எடுத்த எடுப்பில் போட்டிருந்தால், கையில் கத்தியோடு கரும்புக் கொல்லையில் தலைசுற்றி விழுந்திருப்பார். வேறு மாத்திரை எழுதட்டுமா என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

"அத மனநோய் மாத்திரைன்னுவாங்க சார். எதுவானாலும் இன்னாத்துக்குன்னு மொதல்லயே சொல்லிடுங்க."

நான் நினைத்திருந்த மாத்திரையை உண்மையிலேயே மனச்சோர்வுக்கும் தருவார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அஞ்சலை விடியலிலேயே வேலைக்குப் போகிறவர். அதனால், தலைசுற்றல் விடிவதற்குள் தெளியட்டும் என்று, அதே மாத்திரையைக் குறைந்த அளவில், பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னோம். கவரில் சிஸ்டர் கொட்டை எழுத்தில் 'கால் எரிச்சலுக்கு' என்று எழுதிக் கொடுத்தார். பிறகு மகள் கல்யாணப் பத்திரிகையை அஞ்சலை சிஸ்டருக்குத்தான் முதலில் வைத்தார்.

அன்று சிஸ்டரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். அது என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். மாத்திரை போட்டீர்களா என்றேன். சிஸ்டர் வழக்கமாக நிற்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "போட்டேன் சார்" என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டேன். சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இரண்டாவது முறை கேட்பதுதான்.