ஒன்பதாம் வாய்ப்பாடும் எங்கம்மா கையும்

போன வாரம் சிவகாசியில் ஏறி விருதுநகருக்கு வந்துகொண்டிருந்தேன். சாயங்கால பஸ். எங்கள் பக்கத்துச் சாயங்கால பஸ்ஸுக்கென்று ஒரு வாசனை உண்டு. கந்தகம், வேர்வை, மல்லிகைப்பூ, யாரோ மடியில் வைத்திருக்கும் காராச்சேவு எல்லாம் கலந்த வாசனை. வெளியூர்க்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்வார்கள். எனக்கோ அது வீடு நெருங்கிவிட்டது என்கிற வாசனை. அந்த வாசனைக்கு நடுவில் திடீரென்று ராணியக்கா பாடினாள்.

ராணியக்கா பஸ்ஸில் இல்லை. முன் சீட்டில் ஒரு பெண் பிள்ளை, ரெண்டாவதோ மூணாவதோ படிக்கும், போனில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்துதான் வந்தது:

பத்து விரலை நீட்டிக்கோ
ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்டுக்கோ
மூணாம் விரலை மடிச்சுக்கோ
முன்னால ரெண்டு, பின்னால ஏழு
இருபத்தேழுன்னு சொல்லிக்கோ!

'ஏழு' என்கிற இடத்தில் குரல் லேசாக உடையும். அது உடைந்த அன்று நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். திரையில் வழுவழுவென்று, ரோஜா நிறத்தில் பத்து விரல்கள். அந்தப் போனைப் பிடித்திருந்த கை பிள்ளையின் அம்மாவுடையது. நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளி நிறம். பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடர் ஏறிய கை. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும்.

என் முதல் வேலை சிவகாசியில், ஒரு பேப்பர் குடோனுக்கு மேலே இருந்த டிசைன் ஆபீஸில். முதலாளி ஜாபர் அண்ணன். விருதுநகரில் பருப்பும் வத்தலும் வியாபாரம் செய்த குடும்பம். அண்ணனுக்கு மட்டும் கம்ப்யூட்டர் மேல் பிரியம் வந்து, தராசை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். எதையும் விற்கத் தெரியும், ஒரு கோடு வரையத் தெரியாது. வரைய நான் இருந்தேன். பட்டாசுப் பெட்டிக்கு மேலே ஒட்டும் லேபிள்தான் எங்கள் பொழைப்பு. கொழுகொழு குழந்தை, உறுமும் புலி, தாமரையில் நிற்கும் லட்சுமி. நான் வரைந்த புலிக்கும் குழந்தைக்கும் ஒரே கண் என்று பிரஸ்காரர்கள் கேலி செய்வார்கள். பொய்யில்லை.

சீசன் முடிந்து ஆர்டர் இல்லாத நாட்களில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஒருநாள் ஜாபர் அண்ணன் கையில் ஒரு சிடியோடு படியேறி வந்தார். அவர் மகளுக்காக வாங்கிய குழந்தைப் பாட்டு. போட்டுப் பார்த்தால் பனி கொட்டுகிறது, பிள்ளைகள் கம்பளிக் குல்லாயோடு குதிக்கிறார்கள்.

"இதப் பாத்துட்டு எம் பிள்ள சித்திர வெயில்ல குல்லா கேக்குது. நம்ம பிள்ளைகளுக்கு நம்ம பாட்டுப் போட முடியாதா? பாடத்தையே பாட்டாப் போடுவோம். படம் ஆடணும், வாய்ப்பாடு ஏறணும். நீ வரஞ்சிரும்மா" என்றார், ஏதோ டீ சொல்கிற மாதிரி.

வரைந்தேன். அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. லேபிளில் பழகிய கை வேறெப்படி வரையும்? சூரியனைச் சுற்றிய கோள்கள் எல்லாம் தரைச்சக்கரம் மாதிரி பொறி விட்டுச் சுற்றின. சாப்பாடு செரிக்கிற பாட்டில் இரைப்பைக்குக்கூடக் கன்னம் வைத்து, கன்னத்தில் சிவப்பும் தடவியிருந்தேன். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்தது. பார்த்த பிள்ளை ஒவ்வொன்றும் இன்னொரு தடவை போடச் சொல்லி அடம் பிடித்தது.

பாட ஆள் வேண்டுமே. கீழே குடோனில் பேப்பர் எண்ணி அடுக்குகிற ராணியக்கா வேலை முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பாள். அவளையே பிடித்தோம். ரெக்கார்டிங்கும் குடோனில்தான். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பேப்பர் கட்டு இருந்தால் எதிரொலி இராது என்று கண்டுபிடித்தது நான். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரே தொல்லை, தூரத்தில் எங்காவது வெடியைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். மூச்சுப் பாட்டில் நுரையீரல் சுருங்கி விரிகிற இடத்தில் சரியாக ஒரு 'டொம்' விழும். "நல்லாத்தானடி இருக்கு, மேளம் மாதிரி" என்பாள் ராணியக்கா. திருப்பிப் பாடச் சொன்னால் கோபம் வரும்.

ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குக் கை வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். எதனால் பெருக்குகிறோமோ அந்த விரலை மடித்தால், அதற்கு முன்னால் நிற்பவை பத்துகள், பின்னால் நிற்பவை ஒன்றுகள். திரை முழுக்கப் பத்து விரலும் தெரிய வேண்டும், ஒவ்வொன்றாக மடங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பிடித்து முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து செலுத்தினாள். லீவு நாளில் ஒரு இடத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"எதுக்குத்தா கைய நீட்டச் சொல்லுத? ஜோசியம் பாக்கப் போறியா?"

"பேசாம இரும்மா. நாலாவது விரல மடி."

"அது மட்டும் மடங்காதுடி, சுண்டுவிரலும் சேந்துதான் வரும்."

கம்பெனி வண்டிக் கதவில் நசுங்கியதிலிருந்து அவளுடைய இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அதையும் வளைத்தே வரைந்தேன். நிறம் போடும்போது முகத்துக்கு மாநிறம், சேலைக்கு மஞ்சள், கைக்கு வெள்ளி. யோசித்தெல்லாம் போடவில்லை. அம்மா கை அந்த நிறம்தான், அதனால் அந்த நிறம். எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. பாட்டு முடிந்து ஆபீஸில் எல்லாரும் பார்த்தோம். ஜாபர் அண்ணன் எத்தனையோ தடவை பார்த்தார். தலையில் வைத்த பூவில் ஒரு இதழ் கோணல் என்றார், சேலையில் கரை வைக்கச் சொன்னார். கையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கண்ணுக்கு அதில் பார்க்க என்ன இருந்தது?

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூடங்களுக்குச் சிடி போடுகிறவர். அவர் எடுத்துக்கொண்டால் லேபிளை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை என்று ஜாபர் அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோள் பாட்டுக்குச் சென்னைக்காரர் சிரித்தார். இரைப்பைக்குக் கைதட்டினார். ஒன்பதாம் வாய்ப்பாடு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இந்தம்மாவுக்குக் கையில ஏதாவது வியாதியா?"

எங்களுக்கு உடனே புரியவில்லை. நான் வளைந்த சுண்டுவிரலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"கலரைச் சொல்றேங்க. பாக்கவே அழுக்கா இருக்கு. பாடம் சொல்லிக் கொடுக்குற கை பளிச்சுன்னு இருக்க வேண்டாமா? மாத்திடுங்க. மத்ததெல்லாம் அருமை."

கீழே இருந்து டீ வந்தது. அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஜாபர் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு கிளிக்குதானம்மா" என்றார் திரையைப் பார்த்தபடி.

"அளுக்குங்காருண்ணே."

"அவருக்கு என்ன தெரியும்? மாத்திரு. இந்த ஆர்டர் போனா நானும் இல்ல, நீயும் இல்ல. மாத்த மாட்டேன்னா நாளைக்கு வராத."

வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளும் என் பக்கம் பேசுவாள் என்று நம்பித்தான் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "மாத்திருத்தா. நல்ல கையாப் போட்டுரு. இதப் போயி யாராவது டிவியில காட்டுவாகளா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பெற்றோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா வந்தாள். பரிசுக் கோப்பையை முந்தானைக்குள் கையை வைத்து, துணியோடு சேர்த்து வாங்கினாள். கோப்பைக்கு மரியாதை செய்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். முறத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அன்றுதான் எனக்கு அது விளங்கியது. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் இந்தக் கைகளை எத்தனையோ படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். எல்லாம் 'ஐயோ பாவம்' என்பதற்காக. பாடம் சொல்லிக் கொடுக்கிற கையாக ஒருத்தரும் எடுத்ததில்லை. நான் ஒரே ஒரு தடவை வரைந்துவிட்டேன். அதைக் கழுவ மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

காலையில் போய் அதைச் சொன்னேன். அவ்வளவு வீரமாகச் சொல்லவில்லை. "நாஞ் செய்ய மாட்டேண்ணே. நீங்களே செஞ்சுக்கோங்க."

ஜாபர் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்து ஒரு கிளிக் செய்தார். படத்தில் பின்னால் இருந்த சுவர் முழுக்க ரோஜா நிறமானது. இன்னொன்று செய்தார், சேலையும் அம்மாவின் தலைமுடியும் ரோஜா நிறமானது. வேடிக்கை பார்க்க மேலே வந்திருந்த ராணியக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"யாரு கைம்மா இது?"

"எங்கம்மா கை."

கொஞ்ச நேரம் அந்த வளைந்த சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வியாபாரி. மனம் இளகினாலும் கணக்கு இளகாது. "சரி. சென்னைக்கு ஒரு கை, நம்ம ஊருக்கு ஒரு கை. சென்னைக் கைய வேற ஆள வச்சுப் பாத்துக்கிறேன். நீ தொட வேண்டாம்" என்றார். ஒரே சரக்குக்கு ரெண்டு லேபிள் ஒட்டுவது எங்கள் ஊரில் புதிதில்லை. எனக்கு அது பாதி ஜெயம்தான். பாதித் தோல்வி இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது. வேலை மட்டும் தப்பித்தது.

எங்கள் ஊர்க் கை கேபிள் டிவியில் வந்தது. உள்ளூர்க் கேபிள்காரர் விளம்பரத்துக்கு நடுவில் அந்தப் பாட்டைத்தான் போடுவார். முதல் நாள் எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டு வாசலில் கூட்டம். பாட்டு ஓடி முடிவதற்குள் ஒரு பொடியன் கத்தினான், "ஏலே, எங்கம்மா கைலே அது!" அடுத்தவன் விடுவானா? "போலே, எங்கம்மா கை!" பிள்ளைகள் சண்டை அம்மாமார் சண்டையானது. அவரவர் கையை நீட்டித் திரையோடு ஒத்துப் பார்த்தார்கள். அப்போது என் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்கடி! சுண்டுவிரலு வளஞ்சிருக்கா இல்லையா? அது எங்கை! எம்மக வரஞ்சது!" கையை எல்லார் முகத்துக்கும் நேரே ஆட்டிக் காட்டினாள். முந்தானை தோளில் சும்மா கிடந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஜாபர் அண்ணன் பருப்புக்கே திரும்பிவிட்டார். ராணியக்கா மகனோடு திருப்பூர் போனவள், தொடர்பு விட்டுப்போனது. அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டார்கள், அதற்குள் இருந்த வெள்ளிக் கையையும் சேர்த்து. என்னிடம் இருக்கும் ஒரே சிடியில் கீறல் விழுந்திருக்கிறது, விழாவிட்டாலும் போட்டுப் பார்க்க மிஷின் இல்லை. சென்னைக்குப் போன கையை மட்டும் யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். உலகத்துக்குத் தெரிந்தது அதுதான். அம்மாவும் கண் மங்கி வேலையை விட்டுவிட்டாள். சில மாதத்தில் அவள் கையிலும் வெள்ளி போய் வெளுத்துவிட்டது. "யாரு கையோ மாதிரி இருக்குத்தா" என்று அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள்.

இவ்வளவும் மனதில் ஓடியபோது பஸ் பாதி வழி வந்திருந்தது. முன் சீட்டில் மறுபடியும் 'பத்து விரலை நீட்டிக்கோ.' என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன்.

"தங்கச்சி, கொஞ்சம் கைய நீட்டுங்க."

அவள் போனைப் பிள்ளையிடம் கொடுத்த வேகத்தில் இரண்டு கையும் முந்தானைக்குள் போய்விட்டன. "எதுக்குக்கா?"

"பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லத்தான்." பிள்ளையிடம் குனிந்தேன். "ஏ தங்கம், அந்தப் படத்துல கை கலரத் தப்பாப் போட்டுட்டாக. அத மொதல்ல வரஞ்சவ நாந்தான், எனக்குத் தெரியும். நெசக் கை உங்கம்மாட்ட இருக்கு."

பிள்ளை என்னைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது. போனை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அம்மாவின் முந்தானைக்குள் கையை விட்டு இரண்டு கைகளையும் வெளியே இழுத்தது. மூணாவது விரலை மடித்தது. முன்னால் ரெண்டு, பின்னால் ஏழு என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சத்தமாக எண்ணியது. அவள் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.