அப்டேட் பார்த்துச் சொன்ன சிரிப்பு

1. சாமானை இடம் மாற்றி வைத்தவன்

சங்கரன்கோவிலில் செல்போன் சர்வீஸ் கடை நடத்தியே எனக்குத் தாடி நரைத்துவிட்டது. அதற்கு முன்னால் ரேடியோ, டி.வி. ரிப்பேர். டிஸ்ப்ளே மாற்றியிருக்கிறேன், சார்ஜிங் போர்டு மாற்றியிருக்கிறேன், கிணற்றில் விழுந்த போனைப் பிரித்துக் காயவைத்து உயிர் கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் கைவேலை, இதில் பயம் கிடையாது. இந்தத் தொழிலில் நான் பயப்படுவது அப்டேட் ஒன்றுக்குத்தான். அதில் என் வேலை பட்டனை அமுக்குவது மட்டும். திட்டு மட்டும் முழுசாக எனக்கு வரும்.

போன தடவை பெரிய அப்டேட் வந்த மறுநாள், நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஆட்கள் நின்றார்கள். முதல் ஆள் பூ மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கும் சண்முகத்தாய் அக்கா. அவருக்கு எழுத்து தெரியாது. எந்தப் படம் எந்த மூலையில் இருக்கிறது என்ற பழக்கத்தில்தான் போனைப் புழங்குவார். அப்டேட்டில் எல்லாம் இடம் மாறிவிட்டது.

"ஏ தம்பி, இது என்ன அநியாயம்? நான் கண்ணசந்த நேரத்துல எவனோ வீட்டுக்குள்ள பூந்து சாமான் பூராத்தையும் இடம் மாத்தி வச்சிட்டுப் போயிருக்கான். உப்பு டப்பாவ நான் எங்கன போய்த் தேடுவேன்?"

"கம்பெனிக்காரன் நல்லதுக்குத்தான் மாத்தியிருக்கான், அக்கா."

"நல்லதுக்குன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்லா?"

  ஒவ்வொரு படத்தையும் பழைய மூலைக்கே இழுத்து வைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மதியம் சுப்பையா அண்ணாச்சி வந்தார். பிறவியிலேயே அவருக்குப் பார்வை கிடையாது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். ஒரு தடவை குரலைக் கேட்டால் போதும், பிறகு ஜென்மத்துக்கும் ஆளை மறக்கமாட்டார். அவருடைய போனில் பேசும் செட்டிங் போட்டிருந்தேன். விரல் எங்கே பட்டாலும் அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் அந்தத் தமிழ்க் குரல் போய், இங்கிலீஷ் குரல் ஒன்று மூச்சுவிடாமல் பேசியிருக்கிறது. அண்ணாச்சி அதை அமர்த்தப் போய், பேச்சே நின்றுவிட்டது. காலையிலிருந்து ஊமைப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்குக் கண்ணு இல்லேங்கது இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் வே தெரிஞ்சுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. லாக்கைத் திறக்கிறவரைக்கும் தமிழ்க் குரல் லோடு ஆகாது, பின் நம்பரைப் போட்டால் வந்துவிடும். விஷயம் அவ்வளவுதான். அதைத் தெரிந்து சொல்ல அவர் வீட்டில் ஆள் இல்லை. நின்ற பேச்சைத் திரும்பப் போட்டு, இதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

2. அண்ணாச்சி காத்திருந்த அப்டேட்

அடுத்த அப்டேட் வரப்போகிறது என்று செய்தி வந்ததும் ஊரில் பாதிப் பேர் முறையிட ஆரம்பித்தார்கள். பேட்டரி நிற்காது என்றார் ஒருவர். பழைய மாடலை வேண்டுமென்றே ஸ்லோ ஆக்கிப் புதுசு வாங்க வைக்கிறான் என்றார் இன்னொருவர். சண்முகத்தாய் அக்கா போனைக் கவுண்டரில் வைத்து, "இதுக்கு ஒரு பூட்டப் போட்டுக் குடு, எவனும் உள்ள வரப்பிடாது" என்றார்.

ஆசையோடு காத்திருந்தது அண்ணாச்சி ஒருவர்தான். சாயங்காலம் ஆனால் மனைவி பேச்சியம்மாள் மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

"வந்துட்டா வே?"

"இன்னும் இல்ல, அண்ணாச்சி."

"போட்டோவப் பாத்துத் தமிழ்ல சொல்லுமாம்லா? நெசந்தானா?"

நிஜம்தான். என்னுடைய டெஸ்ட் போனில் அதன் சோதனைப் பதிப்பை முன்கூட்டியே ஏற்றியிருந்தேன். முதல் தடவை கேமராவை என் மேசைப் பக்கம் காட்டினேன். "ஒரு மேசையில் சிறிய கருவிகள் உள்ளன. சுவரில் சாமி படம் மாட்டப்பட்டுள்ளது. படத்திலுள்ள மாலை வாடியிருக்கிறது" என்றது. நான் திரும்பிப் பார்த்தேன். மாலை வாடித்தான் இருந்தது. தினமும் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்காருகிற நான் அதைக் கவனித்திருக்கவில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. வால்வு ரேடியோவில் பாட்டு வந்ததற்கே வாயைப் பிளந்தவன் நான். இப்போது கையகலக் கண்ணாடித் துண்டு ஒன்று என் கடையைப் பார்த்துச் சேதி சொல்கிறது. அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. தெருவில் போன ஆடு, டீக்கடை பெஞ்சு, கோபுரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதனிடம் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு அது தேவைப்பட்டது தன் மகளுக்காக. ஒரே மகள், கோமதி. திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது பையனை எதிரில் உட்காரவைத்து, அண்ணாச்சி நெடுநேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். அவர்கள் போன பிறகு, "குரல் நல்ல குரல். கள்ளம் இல்ல. குடுக்கலாம்" என்று முடிவு சொன்னாராம். இதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச காலமாக அந்த மகள் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை.

"போன எடுத்தா, 'நல்லாருக்கேம்ப்பா, கம்பெனிக்கு நேரமாச்சு'ன்னு வச்சிருதா. போட்டோதான் வாரத்துக்கு வாரம் அனுப்புதா. குருட்டு அப்பனுக்குப் போட்டோ. நல்ல புள்ள, என்ன?" என்று சிரித்தார். மதினியின் தோளைத் தட்டி, "இவகிட்ட கேட்டா, 'சிரிச்சுக்கிட்டு நிக்கா, நல்லாருக்கா'ன்னு ஒரே பாட்டுத்தான். என்ன கலர் சேலை, பின்னால என்ன இருக்குன்னு ஒண்ணையும் சொல்ல மாட்டேங்கா. அப்டேட் வரட்டும், நானே பாத்துக்கிடுதேன்."

மதினி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

3. தனியாக வந்த மதினி

சில நாள் கழித்து ஒரு மதியம் மதினி தனியாக வந்தார். போனுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்றார். ஒட்டியிருந்த கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நான் ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன்.

"தம்பி, அந்த அப்டேட்டு அவுக போனுக்கு வராதுன்னு சொல்லிருதியளா?"

"ஏன் மதினி?"

அவர் தன் போனை எடுத்து மகள் அனுப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். எல்லாம் ஒரே நீலச் சுவரின் முன்னால். கோமதியைக் கல்யாணத்தில் பார்த்தவன் நான். பூசினாற்போன்ற முகம் அவளுக்கு. போட்டோவில் கன்னம் ஒட்டியிருந்தது, தோள் எலும்பு தெரிந்தது. கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒரு பொட்டுத் தங்கம் இல்லை.

"மாப்பிள குடிக்கான், தம்பி. வேலைக்குப் போறதில்ல. போட்டுவிட்ட நகை பூராம் போச்சு. இவதான் ரெண்டு ஷிப்டு பாத்துக் கஞ்சி ஊத்துதா. எங்கிட்ட மட்டும் சொல்லுதா. அப்பாட்ட சொல்லிராதன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. பேசுனா அவுக குரல வச்சே கண்டுபிடிச்சிருவாகன்னுதான் பேசாம போட்டோவா அனுப்புதா."

"அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா நல்லதுதான மதினி? ஒரு வழி பண்ணுவாகல்ல?"

"அவுக பாத்த மாப்பிள்ள அவன். குரலக் கேட்டுச் சொன்னாக. அந்தக் காதுதான் தம்பி அவுகளுக்கு இருக்கது. அதுவும் பொய்யாப் போச்சுன்னு தெரிஞ்சா மனுசன் உடைஞ்சிருவாக."

 அப்டேட்டை நிறுத்திவைப்பது பெரிய வித்தையில்லை. செட்டிங்கில் ஒரு பட்டன்தான். 'இந்த மாடலுக்கு வராது' என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணாச்சி நம்பிவிடுவார். ஆனால் போனைக் கொடுத்தவனுக்குத் தெரியாமல் அதில் எதையும் செய்வதில்லை என்பது நான் தொழிலில் வைத்திருக்கும் சட்டம். அதுவும் பார்வையில்லாத மனிதருடைய போனில் செய்வதற்கு மனசு வரவே இல்லை.

"போன் அண்ணாச்சி போனு, மதினி" என்றேன்.

மதினி எழுந்து போய்விட்டார். கண்ணாடியை ஒட்டிக்கொள்ளவில்லை. 

4. நீலச் சுவர், மஞ்சள் சேலை

அப்டேட் வந்தது. அன்று சாயங்காலமே அண்ணாச்சியும் வந்துவிட்டார். தோளைக் கொடுத்துக் கூட்டி வந்த மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. டவுன்லோடு முடிந்து போன் ரீஸ்டார்ட் ஆனது. இங்கிலீஷ் குரல் வந்ததும் அண்ணாச்சி தயங்காமல் பின் நம்பரைப் போட்டார். தமிழ்க் குரல் வந்து சேர்ந்தது.

பழகட்டும் என்று முதலில் கேமராவை என் பக்கம் திருப்பச் சொன்னேன். "நடுத்தர வயதுள்ள ஒரு ஆண். நரைத்த தாடி வைத்திருக்கிறார். கவலையாக இருக்கிறார்" என்றது.

"ஏ வே, தாடியா வச்சிருக்கீரு? இத்தன வருசத்துல சொல்லவே இல்லையே" என்று அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். கவலையாக இருக்கிறார் என்றதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.  என் கவலையையே கண்டுபிடிக்கிறது என்றால் கோமதியைப் பார்த்து என்னவெல்லாம் சொல்லும்?

அண்ணாச்சி மகள் அனுப்பிய கடைசிப் போட்டோவைத் திறந்தார். மதினி கவுண்டர் விளிம்பை இறுக்கிப் பிடித்தார்.

"ஒரு இளம்பெண் நீல நிறச் சுவரின் முன் நிற்கிறார். மஞ்சள் நிறச் சேலை அணிந்துள்ளார். அவர் புன்னகைக்கிறார்."

மதினியின் கை தளர்ந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அண்ணாச்சியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்க்காத மகளை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"மஞ்சச் சேலையாம். நீலச் சுவராம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சிரிக்காளாம்ல, பேச்சி. நீ சொன்னதேதான்."

மறுபடியும் கேட்டார். அவர் புன்னகைக்கிறார் என்றது. இன்னொரு தடவை கேட்டார். அவர் புன்னகைக்கிறார்.

"அத நிப்பாட்டுங்க" என்றார் மதினி. "அது பொய் சொல்லுது."

அண்ணாச்சியின் விரல் அப்படியே நின்றது.

"அது சிரிப்பு இல்ல. சின்னப்பிள்ளையில ஊசி போடக் கூட்டிட்டுப் போனா இப்படித்தான் வாய இழுத்து வச்சிக்கிடுவா, அழுதுரப்பிடாதுன்னு. சேலையப் பாக்குது, சுவரப் பாக்குது. எம்பிள்ள காஞ்சு கெடக்கத அதுக்குப் பாக்கத் தெரியல. இத்தன நாளும் நானும் அதையேதான் உங்ககிட்ட சொன்னேன். இதுவும் அதையே சொல்லுதே, காது குடுத்துக் கேக்க முடியலயே" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குடி, நகை, ரெண்டு ஷிப்டு, சத்தியம் என்று எதையும் விடவில்லை.

 எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி, "அவன் குரல் நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மதினி. "எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுத்தான சரின்னு சொன்னேன்?"

அண்ணாச்சி கையை நீட்டித் துழாவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் மகளுக்குப் போன் போட்டார். எடுத்ததும், "நல்லாருக்கேம்ப்பா, கம்பெனிக்கு" என்று அவள் ஆரம்பித்தது எனக்கே கேட்டது.

"மக்கா, எனக்குத் தெரிஞ்சிட்டு. இனிமே நீ நல்லாருக்கேன்னு சொல்லாண்டாம். என்ன வருதோ அதப் பேசு."

 அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அண்ணாச்சி போனைக் காதோடு சேர்த்து வைத்து, தலையை ஆட்டி ஆட்டி அவ்வளவையும் கேட்டுக்கொண்டார். நான் வாசலுக்குப் போய், வந்தவர்களிடம் கடை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் திருப்பூர் போனார்கள். வரும்போது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

5. நான் படித்தது

அந்தப் போட்டோவைப் பிறகு தனியாக இருக்கும்போது பலமுறை யோசித்திருக்கிறேன். சுவர் நீலம்தான், சேலை மஞ்சள்தான். சிரிக்கிறாள் என்பதைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாது. நானும் நீங்களும் பார்த்தால் அப்படித்தான் சொல்வோம். எங்கேயோ உட்கார்ந்து யாரோ செய்து அனுப்பியது இங்கே வந்து ஒரு மனிதருக்கு அவர் மகளைக் காட்டுகிறதே என்ற பிரமிப்பு எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததைப் படித்த மதினியின் கண்ணை நினைத்தால் அதைவிடப் பெரிய பிரமிப்பு.

இப்போது இன்னொரு அப்டேட் வரப்போகிறதாம். வாடிக்கையாளர்கள் மறுபடி புலம்புகிறார்கள். அண்ணாச்சி போனில் நான் அமுக்கிய ஒரு பட்டன் மதினியையும் திருப்பூரில் இருந்த மகளையும் போய்த் தொட்டது. முன்பெல்லாம் நான், "பேக்கப் எடுத்தாச்சா? சார்ஜ் இருக்கா?" என்று இரண்டு கேள்விதான் கேட்பேன். இப்போது மூன்றாவதாக ஒன்றையும் கேட்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளே, நீங்களும் அதைக் கேட்டுப் பழகுங்கள். "இந்தப் போன வீட்டுல வேற யாரெல்லாம் நம்பி இருக்காக?" அதற்குப் பதில் வருகிறவரைக்கும் பட்டனில் விரலை வைக்காதீர்கள்.